வீட்டுக்கு வந்த வக்கீல்

நாங்கள் வசிக்கும் குரோருட்டின் பழஞ்சாமான் சந்தையில், பிரேம் அழகாக இருந்ததால்தான் அந்தத் தாடிக்காரர் படத்தை வாங்கினேன். பின்பக்கக் குறிப்பின்படி அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வக்கீல். மாநிலச் சட்டசபைத் தேர்தலில் இருமுறை வென்று, மூன்றாம் முறை தோற்றவர். படத்தை மாற்றப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் அப்படியே வரவேற்பறையில் மாட்டிவிட்டேன்.

ஸ்தவாங்கர் நகரத்திலிருந்து வந்த என் மாமியார் அவரை என் பூட்டனார் என்று நினைத்து, சந்தனப் பொட்டு வைத்து மாலையும் போட்டுவிட்டார்.

"மாமி, இவர் எங்கட ஆளில்லை. அமெரிக்க வக்கீல், எலெக்சனிலை தோத்தவர்."

"பாவம், அதுதான் முகம் வாடிக் கிடக்கு. போட்ட மாலையைக் கழட்டக்கூடாது தம்பி."

ஆடி அமாவாசைக்கு மாமி அவருக்கு வடை படைத்தார். அவர் சாப்பிட்டு முடியும்வரை நான் பசியோடு காத்திருந்தேன். வக்கீலாக இருந்தும் அந்த மனிதர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.