முந்நூற்று நான்காம் வீட்டின் மூன்று சாவிகள்

எங்கள் குடியிருப்பில் எல்லாக் கதவும் இரும்பு, எல்லாச் சாவியும் காந்தம். பல் வெட்டாத தட்டைச் சாவி அது. இரண்டு பக்கமும் மிளகளவில் கறுப்புப் புள்ளிகள் பதித்திருக்கும், அவைதான் காந்தங்கள். பூட்டுக்குள்ளும் அதே மாதிரி காந்தங்கள் உண்டு. சாவியில் உள்ளவை அவற்றை நகர்த்தினால் பூட்டு திறக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் சாவியைக் கதவின் உட்புறத்தில் டக்கென்று ஒட்டிவிட்டுத்தான் ஷூவைக் கழற்றுவோம். எங்கள் சக்காய் நகரத்துக் கடைகள் எதிலும் இதற்கு நகல் எடுத்துத் தர மாட்டார்கள். வீட்டுக்கு மூன்று சாவி, அவ்வளவுதான். முதல் மாடி ஓஹாரா கிழவர் ஒருமுறை சாவியையும் வங்கிப் பாஸ்புக்கையும் ஒரே பையில் போட்டு வைத்து, பாஸ்புக்கின் காந்தப் பட்டைப் பதிவு அழிந்துபோய், தப்பு வங்கியுடையது என்று அங்கே போய்க் கத்திவிட்டு வந்தார். அந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

எதிர்வீட்டு மிட்சுயோ தன் சாவியைக் கதவில் இடுப்புயரத்துக்குக் கீழே ஒட்டுவாள். அதற்கு மேலே கண்ணுக்கு நேரான இடம் காலியாக இருக்கும். அது அவள் புருஷனுடைய இடம்.

நான் நகுமோ தத்ஸுஎ, வீட்டு எண் 303. எதிரே குசுமி மிட்சுயோ, 304. ஒரு படிக்கட்டுக்குப் பத்து வீடு, மாடிக்கு இரண்டு கதவு, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தால் எதிர்க் கதவுதான். இருபத்தாறு வருஷமாக அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிட்சுயோ என்னைவிடப் பதினோரு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள்.

அவள் ஷிங்கூ பக்கத்து மலைக்காரி. பதினெட்டு வயதில் துண்டு நெய்யும் ஆலைக்கு வேலைக்கு வந்தவள். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவள் என்பாள், அதை நான் கேட்டதில்லை. இங்கே குடிவந்தபோதே சத்தமில்லாதவளாகத்தான் இருந்தாள். ஆலையை மூடிய பிறகு பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்பும் சமையற்கூடத்தில் சேர்ந்தாள். எண்ணெய்க் கொப்பரைதான் அவள் வேலை. உருளைக்கிழங்கு கொரோக்கே போடுகிற நாளில் இரண்டாயிரத்து முந்நூறு உருண்டை பொரித்தெடுப்பாள். காலை ஐந்தரைக்கு அவள் இறங்கிப் போகும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த புள்ளிகள். எரிகிறதா என்று கேட்டால், "எரியும் போல, கவனிக்கல" என்பாள்.

புருஷன் ஷோஜி. சைக்கிள் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் சங்கிலி சோதிக்கிற வேலை. படியில் பார்த்தால் "குளிர்", "மழை" என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் வராது. குழந்தை இல்லை. அவர்களுக்குள் சண்டை நடந்து நான் கேட்டதில்லை. சிரிப்பும் கேட்டதில்லை. அதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்?

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் நவம்பர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மிட்சுயோ வேலைக்குப் போன பிறகு அவர் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நான் என் பையோடு பின்னால் போனேன். "குளிர்" என்றார். பையைக் கூண்டுக்குள் வைத்து, காக்கை கிளறாமல் வலையை இழுத்து மூடினார். அப்படியே பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடந்தார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

தொழிற்சாலைக்கு அவர் போகவில்லை. வங்கிப் புத்தகம் அலமாரியிலேயே இருந்தது. போலீஸ் நிலையத்தில் காணவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கதவு பூட்டியிருந்ததா என்று கேட்டார்கள். பூட்டியிருந்தது. மூன்று சாவியில் ஒன்று மிட்சுயோ கையில், ஒன்று மேஜை இழுப்பறையில். கதவில் மேலே ஒட்டியிருக்க வேண்டிய, ஷோஜி சின்ன மணி கட்டி வைத்திருந்த மூன்றாவதுதான் இல்லை.

அந்த வாரத்திலிருந்து அவளுக்கு ஒரே வாக்கியம்தான். "சாவி அவர்கிட்ட இருக்கு."

ஒப்பாரி வைக்கவில்லை. விடுப்புப் போடவில்லை. மறுநாள் ஐந்தரைக்கு இறங்கிப் போனாள். மரத்துப்போய்விட்டாள் என்று படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள், நானும்தான் பேசினேன். ஷிங்கூவில் இருக்கும் அவள் கூடப்பிறந்த அக்கா கினுஎ மாதம் தவறாமல் போன் போட்டு, ஆரஞ்சுத் தோப்பு வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்பாள். வீட்டைக் காலி செய்தால் வேறு யாராவது குடிவருவார்கள், பூட்டை மாற்றுவார்கள். அதனால் இவள் போகவில்லை. ஏழு வருஷம் முடிந்ததும், காணாமல் போனவரை இறந்தவராகப் பதிவதற்கான மனுவோடு கினுஎ நேரிலேயே வந்துவிட்டாள்.

"ஒரு கையெழுத்துதான்டி. உனக்கும் ஒரு விடிவு வேணாமா?"

"இருக்கற ஆள செத்துட்டாருன்னு எழுதிக் குடுக்க நான் என்ன ஜோசியக்காரியா?"

"இருக்காருன்னு மட்டும் தெரியுமாக்கும்?"

"சாவி அவர்கிட்ட இருக்கு."

கினுஎ என் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். எதிர்வீட்டில் இவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு இரண்டாயிரத்துப் பதினாறு. அந்த வருஷம் படிக்கட்டுப் பொறுப்பு என் முறை. விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று எல்லாம் என் தலையில் விழும். அக்டோபரில் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காந்தச் சாவி செய்கிறவர்கள் செய்வதை நிறுத்திவிட்டார்களாம். எல்லா வீட்டிலும் பூட்டையும், கதவுக்கு உள்பக்கம் இருக்கும் தபால் பெட்டியையும் மாற்றப் போகிறார்களாம். பழைய சாவி மூன்றையும் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்பது வீட்டில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒட்டுகிற பலம் குறைந்து சாவி பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் எரிச்சல். மிட்சுயோ மட்டும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வேணாம்க்கா."

"வேணுமா வேணாமான்னு கேக்கல. மாத்தறாங்க, அவ்வளவுதான்."

"அவரு வருவாரு. சாவியப் போட்டுப் பாப்பாரு. சுத்தாது. தட்ட மாட்டாருக்கா. தட்டற ஆளே இல்ல அவரு. அப்படியே திரும்பிப் போயிருவாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதுவானாலும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "ஒம்பது வருஷமா வராத மனுஷன் பூட்டு மாத்தற நாளாப் பாத்துதான் வரப் போறாரா? நல்ல கூத்துடி இது! உன்னால நான் ஆபீஸ்ல பேச்சு வாங்கணுமா?"

திட்டினாலும் திரும்பத் திட்டாதவளிடம் என்னதான் செய்ய? அலுவலகத்துக்கு நானே போன் போட்டுக் கெஞ்சினேன். இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள். மூன்றாவது முறை முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் கடைசியில் இஸோகாய் என்ற பூட்டுக்காரர் வந்தார். நாற்பத்தைந்து வயது, தொப்பை, வாய் ஓயாத ஆள். காலையிலிருந்து ஒன்பது வீட்டையும் முடித்துவிட்டு மதியம் மூன்று மணிக்கு 304க்கு வந்தார். மிட்சுயோ வேலை முடிந்து வந்து, வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தாள். நான் படிவத்தோடு அவள் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, இந்தப் பழைய பூட்டையே கழட்டித் தொடச்சு மறுபடி மாட்ட முடியாதா?" என்று அவள் கேட்டாள்.

"மாட்டலாம்மா. ஆனா உள்ள தேஞ்சு போச்சு. நாளைக்கே உள்ள மாட்டிக்கிட்டீங்கன்னா? எதுக்கு இதே வேணும்கறீங்க?"

"ஒரு ஆளு வரணும்."

"அதுக்கென்ன, போன் பண்ணி புதுச் சாவிய வாங்கிக்கச் சொல்லுங்க."

நான் முறைத்தேன். அவருக்குப் புரியவில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் தபால் பெட்டியைக் கழற்றினார். கதவில் செய்தித்தாள் போடுகிற துளைக்கு உட்பக்கம் ஒரு தகரப் பெட்டி. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் வீடு தெரியாதபடி துளைக்கு நேராக ஒரு சாய்வுத் தகடு மறைத்திருக்கும். நான்கு திருகாணியையும் எடுத்துப் பெட்டியை இழுத்தார். இருபது முப்பது வருஷத் தூசி கொட்டியது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, சாய்வுத் தகட்டின் பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார்.

"இங்க பாருங்க, இந்த வீட்லயும் ஒண்ணு!"

பிய்த்து எடுத்தார். சாவி. துருப்பிடித்த சின்ன மணி ஒன்று அதில் தொங்கியது. காம்பில் 3 என்று எண் பொறித்திருந்தது.

"காலி பண்ணிட்டுப் போறவங்க வெளிய நின்னு பூட்டிட்டு, சாவியத் துளைல போட்டுட்டுப் போயிருவாங்க. சாதாரணச் சாவின்னா பெட்டில டங்குன்னு விழும். இது காந்தமாச்சே, தகட்டுலயே ஒட்டிக்கும். கீழ்நோக்கி எவ்வளவு தேடுனாலும் கெடைக்காது. போன மாசம் பக்கத்துக் கட்டடத்துல ரெண்டு எடுத்தேன்." மணியை ஆட்டிப் பார்த்தார், அது ஒலிக்கவில்லை. "உங்களுக்கு முன்னாடி குடியிருந்தவங்களோடதா?"

மிட்சுயோ கையை நீட்டினாள். அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"காலி பண்றவங்கதான் போடுவாங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன? திரும்பி வரவங்க எதுக்கும்மா போடப் போறாங்க?"

பழைய பூட்டு இன்னும் கதவில்தான் இருந்தது. அவள் குனிந்து அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். தாழ் உள்ளே போயிற்று, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போயிற்று. அவளுடைய சாவியைவிட நன்றாகவே சுற்றியது. ஒன்பது வருஷம் யாரும் தொடாத சாவி அல்லவா?

"நல்லா சுத்துது" என்றாள். பிறகு சாவியை உருவி, தன்னிடமிருந்த மற்ற இரண்டோடு சேர்த்து என்னிடம் கொடுத்தாள். "மாத்துங்க தம்பி."

இஸோகாய் வேலையைத் தொடங்கினார். நான் படிவத்தை எடுத்து, மூன்று சாவி பெறப்பட்டது என்று எழுதினேன். ஒவ்வொரு சாவிக்கும் எதிரே, திரும்பக் கிடைத்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் இரண்டுக்கும் அன்றைய தேதியைப் போட்டேன். மூன்றாவதுக்கும் போடப் போனேன்.

"அது இன்னிக்கு இல்லக்கா" என்றாள். "ரெண்டாயிரத்து ஏழு, நவம்பர் ஆறு."

அப்படியே எழுதினேன். அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் சொல்லாமல் இழுத்தடித்தேன். சாவி அவரிடம் இருக்கிறது என்பது மிட்சுயோ தானாகக் கண்டுபிடித்த வாக்கியம் இல்லை. அவர் போன மூன்றாம் நாள், அவள் என் வாசலில் வந்து நின்றாள். என் அடுப்பில் முள்ளங்கி வெந்துகொண்டிருந்தது, அடி பிடித்துவிடுமே என்று எனக்கு அவசரம். "சாவியக் கையோட எடுத்துட்டுப் போயிருக்காருல்ல? வராத ஆளு எதுக்குடி சாவிய எடுத்துட்டுப் போறான்? வந்துருவாரு, போய்ச் சாப்பிடு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சொன்னதை அன்று ராத்திரியே மறந்தும் போனேன். அவள் அதே வாக்கியத்தைச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷமாக அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவள்மேல் கோபப்பட்டதெல்லாம் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பூட்டுக்காரர் போன பிறகு மிட்சுயோ வறுத்த தேயிலையில் தேநீர் போட்டுக் கொடுத்தாள். சமையற்கூடத்தில் மிஞ்சிய கொரோக்கே இரண்டைச் சூடாக்கி வைத்தாள். தன் பங்கை முழுதாகச் சாப்பிட்டாள். நான் என்னுடையதைத் தட்டிலேயே பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கினுஎக்குப் போன் பண்றியா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு மீன் பொரிக்கற நாளு. ஞாயித்துக்கிழமை பண்றேன்."

"அங்க போயிருவியா?"

"தெரியலக்கா. இனிமே போகலாம். ஆனா போகணும்னு தோணல."

அவள் புதுச் சாவிகள் இருந்த உறையைப் பிரித்தாள். காந்தமில்லாத, குழி குழியான பளபளப்புச் சாவிகள். ஒன்றைக் கைப்பையில் போட்டாள். ஒன்றை இழுப்பறையில் வைத்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னீங்கள்ல, முள்ளங்கி வேக வெச்சுக்கிட்டு. ஒம்பது வருஷம் அதுலதான் ஓடுச்சுக்கா."

நன்றி சொல்கிறாளா, குற்றம் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டும் அங்கே இல்லை. மன்னிச்சிருடி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் சாவியை மேஜைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"இத நீங்க வெச்சுக்கங்க. காலைல அஞ்சரைக்கு நான் எறங்கற சத்தம் கேக்கலன்னா, தெறந்து பாருங்க. தட்டிட்டு நிக்க வேணாம்."

வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கே எழுந்து படுக்கையில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன்.