வண்டிக்கொட்டகை வார்டு

"கைய நீட்டுங்க. சட்டைய மடிங்க. போன உள்ள வைங்க."

மூன்று உத்தரவும் ஒரே மூச்சில் வந்தன. நான்காவது வருவதற்குள் அந்த மனிதரின் புஜத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை ஏறிவிட்டது. மனைவியைப் பரிசோதனைக்கு இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்து கைப்பேசியில் மூழ்கியிருந்தவர் அவர். "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், அவங்களுக்குத்தான்..." என்று இழுத்தார்.

"அவங்கள உள்ள பாத்துட்டிருக்காங்க. நீங்க என்ன, வண்டிக்குக் காவலா? அதான் பூட்டு இருக்கே!"

ரப்பர் பந்து புஸ் புஸ் என்று மூச்சு விட்டது. பக்கத்து வண்டிக்காரர் சத்தமில்லாமல் இறங்கி நழுவப் பார்த்தார். "அடுத்தது நீங்கதான், ஓடாதீங்க" என்றார் நர்ஸ், திரும்பிப் பார்க்காமலே.

அந்தத் தாய்சேய் மருத்துவமனையின் மூத்த நர்ஸ் அவர். குள்ளமான உருவம், கூட்டத்தைப் பிளக்கும் குரல், நடந்தால் கீச்சிடும் வெள்ளை கான்வாஸ் ஷூ. ஆரம்பத்தில் அந்தக் கீச்சொலி கேட்டாலே ஆண்கள் வண்டியை உதைத்துக் கிளம்பி, தெருமுனை வரை போய்த்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி வந்த பெயர்தான் போலீஸக்கா. அவருக்கு அதில் கொள்ளை சந்தோஷம். வார்டில் தொலைபேசி அடித்தால்கூட, "போலீஸக்கா பேசுறேன், யாரு?" என்றுதான் எடுப்பார்.

அவரிடம் ஒரு தந்திரம் உண்டு. அளந்து முடித்த பிறகும் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றமாட்டார். அக்காவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் ஆண்கள் வாயைத் திறப்பார்கள். "மாடி ஏறுனா நெஞ்சு அடைக்குதுப்பா, வீட்ல சொல்லல" என்று ஒருவர் பக்கத்து வண்டிக்காரரிடம் கிசுகிசுப்பார். அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். அரைமணி கழித்து அந்த மனிதர் இதயப் பரிசோதனைக்கு ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது எப்படி நம் கைக்கு வந்தது என்று விழித்துக்கொண்டிருப்பார்.

இவர் ஆண்கள் கட்சி என்று யாராவது நினைத்தால் ஏமாந்து போவார்கள். பெண்கள் தங்கள் உடம்புக்கு வந்ததைப் பொதுக்கூடத்தில், நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டியிருந்த காலத்தில், முதலில் ஒரு திரைக்காகச் சண்டை போட்டார். பிறகு ஓர் அறைக்காக. பிறகு பெண்களுக்கு மட்டுமேயான ஒரு பிற்பகலுக்காக. மூன்றையும் வாங்கித் தந்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அந்த அறையில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் வலியைச் சொல்லி முடித்ததும், "எங்க வீட்டுக்காரருக்கும் ராத்திரியெல்லாம் இருமல்க்கா, டாக்டர்னாலே சண்டைக்கு வராரு" என்று ஆரம்பித்தார்கள். "உள்ள உக்காந்திருக்கவளோட பிரஷர்ல பாதி, வெளியில வண்டி மேல உக்காந்திருக்கு" என்றார் அக்கா டாக்டரம்மாவிடம். அடுத்த வாரமே இரண்டு கணவர்களை அந்த அறைக்குள் இழுத்துவந்தார்.

தையல்கடை வைத்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, எங்களுக்குன்னு இருக்கறது இந்த ஒரு ரூமு. அதுலயும் ஆம்பளைங்கள விட்டா நாங்க எங்க போய் வாயத் தெறக்கறது?"

அக்கா அந்த இரண்டு பேரையும் பார்த்தார். தையல்கார அம்மாவையும் பார்த்தார். "நீ சொல்றது நூத்துக்கு நூறு. உன் எடத்தப் பிடுங்கி இவங்களுக்குக் குடுக்கறதா இருந்தா நான் எதுக்கு?" என்று சொல்லி இருவரையும் வெளியே, வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு அழைத்துப் போய்விட்டார். வண்டிக்கொட்டகை வார்டு பிறந்தது அப்படித்தான். பழைய பெஞ்சு ஒன்று வந்தது. வெயிலுக்கு ஒரு தடுப்பு வந்தது. அதைத் தைத்துக் கொடுத்தது அதே தையல்கார அம்மா.

சிறுவர்கள் விஷயத்தில் அவர் இன்னும் கறார். தடுப்பூசிக்கு வந்த பையனிடம் ஓர் அப்பா, "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று அதட்டினார். "குத்துறது நான், வலிக்கறது அவனுக்கு. நடுவுல உங்களுக்கு என்ன சார்?" என்றார் அக்கா. பிறகு பையனிடம், "நீ அழுடா ராஜா. நல்லா சத்தமா அழு, பக்கத்து வார்டுக்குக் கேக்கணும்." பையன் அழ முயன்று, முடியாமல் சிரித்துவிட்டான்.

போன மழைக்காலத்தில் பிரசவமாகி ஒன்றரை மாதமான ஓர் இளம்பெண் பரிசோதனைக்கு வந்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. உடுத்திக்கொண்டு கிளம்பும்போது கதவருகில் நின்றுவிட்டாள். "அவருக்குக் கொழந்தயவே பிடிக்கல போலக்கா. விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடறாரு. இதுவரைக்கும் ஒருதரம்கூடத் தூக்கல."

அவள் கணவனை எல்லாருக்கும் தெரியும். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்குகிறவன். இரும்பு பீரோவைத் தனியாளாக முதுகில் சுமந்து மாடியேறுவான் என்பதால் பீரோ என்றே பெயர். கொட்டகையில் அவன் இருந்தால் சிரிப்புக்குக் குறைவிருக்காது.

உள்ளே கேட்டதை வெளியே சொல்லும் வழக்கம் அக்காவுக்கு இல்லை. சும்மா போய் அவன் கையில் பட்டையைச் சுற்றினார். வழக்கமாகச் சுற்றுக்குப் போதாத பட்டை அன்று தாராளமாகச் சுற்றியது. சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது. "எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சிரித்தான்.

"தூங்குறியா?"

சிரிப்பு நின்றது. அக்கா ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியபடி தெருவைப் பார்த்தார். கொட்டகைக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "கண்ண மூடுனா கொழந்த என் கையிலேர்ந்து வழுக்கி விழுந்துடுது. தெனமும் அதே கனவு. என் கையப் பாத்தாலே எனக்கு பயமா இருக்கு. அதான் அது முழிக்கறதுக்குள்ள ஓடிப்போயிடறேன்."

அக்கா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். முதல்முறையாக, கேட்டுவிட்டேன் என்று காட்டிக்கொண்டு கழற்றினார்.

"இதுக்குப் பேரு கோழைத்தனம் இல்ல தம்பி. கொழந்த பொறந்ததும் அம்மாவுக்கு மனசு கலங்குற மாதிரி அப்பாவுக்கும் கலங்கும். உனக்கு முன்னாடி இந்தப் பெஞ்சுல எத்தன பேரு உக்காந்து அழுதிருக்காங்க தெரியுமா? இதுக்கு டாக்டர் இருக்காங்க, வழி இருக்கு."

"வீட்ல எப்படிக்கா சொல்றது?"

"நீதான் சொல்லணும். நான் சொன்னா அது புகாரு. நீ சொன்னா பேச்சு."

அன்றே சொன்னான். மழையில் நனைந்த சுவரோரம் கணவனும் மனைவியும் நிற்பதை அக்கா ஜன்னல் வழியே பார்த்தார். அவள் முதலில் அழுதாள். பிறகு அவன் தோளில் ஓர் அடி போட்டாள். "அடப்பாவி! இதுதானா? நான் என்னென்னமோ நெனச்சு செத்துப் பொழச்சேனே!" என்றது உள்ளே வரை கேட்டது.

பீரோ மனநல மருத்துவரிடம் சில வாரங்கள் போய்வந்தான். குழந்தையை எப்படித் தூக்குவது என்று அக்கா கொட்டகையிலேயே பாடம் நடத்தினார். முதலில் உருட்டிய துவாலை. பிறகு தண்ணீர் நிரப்பிய ரப்பர் பை. "பீரோவத் தூக்குற மாதிரி மூச்ச அடக்காத! அது உன் மூச்சக் கேட்டுத்தான் தூங்கும்" என்று அதட்டினார். மனைவி குழந்தையை அவன் கையில் வைத்த நாளில் பெஞ்சிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், யாரோ சொன்னதுபோல. குழந்தை ஒரு கொட்டாவி விட்டுவிட்டு அவன் சட்டையில் கன்னத்தைத் தேய்த்தது. பீரோ தேம்பித் தேம்பி அழுதான். யாரும் அதட்டவில்லை.

இந்த வாரம் அவன் வந்தபோது மகள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். புதிதாக அப்பாவான ஒருவனுக்குப் பீரோ வகுப்பு நடத்தினான். "கழுத்துக்கு அடியில கை. பயப்படலாம், தப்பில்ல. ஆனா வெளியில சொல்லிடணும்." சொல்லும்போதே பீரோவின் தோள்கள் பாரம் தூக்கும் பழைய பழக்கத்தில் காதுவரை ஏறின. பின்னால் வந்த அக்கா இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தத் தோள்களைக் கீழே அழுத்திவிட்டார். அவன் சிரித்தான். குழந்தை விழிக்கவில்லை.

கொட்டகையின் கடைசியில் ஒருவர், தலையில் மாட்டிய ஹெல்மெட்டோடு, கண்ணாடியையும் இறக்கிவிட்டு, வண்டி மேல் தூங்குவதுபோல் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஷூ கீச்சிட்டபடி அவரை நெருங்கியது. அக்கா விரல் முட்டியால் ஹெல்மெட்டின் உச்சியில் டொக் டொக் என்று கதவு தட்டினார்.