பேஷண்டாக நின்ற நாள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் ஒரு பிசியோதெரபி பயிற்சி மையத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். கால் உடைந்து வந்தவர்கள் சிமென்ட் தரையில் நன்றாகவே நடந்துவிடுவார்கள். ஊர் திரும்பக் கப்பல் ஏறும்போதுதான் வம்பு. அலையில் ஆடும் ஏணிப்பலகையில் கால் வைத்ததும் நடுங்கி நின்றுவிடுவார்கள். யாராவது கடலில் விழுந்துவிடுவார்களோ என்று எனக்குச் சோறு இறங்காது. இரண்டு லாரி டியூபின் மேல் ஒரு பலகையைச் சாய்த்துக் கட்டி, பக்கத்தில் கயிறு இழுத்துவிட்டு, அதில் ஏறி இறங்கப் பழக்கினேன். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

அங்கே பாடம் நடத்திய அக்கா, பிசியோதெரபி கற்பிப்பவர்களுக்கென்று ஒரு குழு தொடங்கினார். அதிலிருப்பவர்களை மெயின்லேண்டின் பெரிய சங்கத்தில் உறுப்பினராக்க ஃபாரம் வாங்கினார். சனிக்கிழமைகளில் ஜங்லிகாட் பகுதியில் அவர் வீட்டில் கூடுவோம்.

"எட்டாவதுதான்க்கா படிச்சிருக்கேன். என்னைச் சேத்துக்குவாங்களா?" வாரம் தவறாமல் கேட்பேன்.

"அரே, டென்ஷன் எடுக்காத. சொல்லிக்குடுக்கிறவங்க குழுதானே? நீ சொல்லிக்குடுக்கிறியா இல்லியா? பஸ், அது போதும். உன் ஃபாரத்த நானே அனுப்பிட்டேன்."

அந்தச் சங்கத்திலிருந்து ஒரு சார் எங்கள் குழுவைப் பார்க்க வந்தார். பலகைப் பயிற்சியைச் செய்துகாட்ட வேண்டும். பேச வேண்டியதை முந்தின நாளெல்லாம் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அன்று காலையில் அக்கா என் கையில் ஒரு முழங்கால் பட்டையைத் திணித்தார். "இத மாட்டிக்கோ. நீ பேஷண்டா நில்லு."

"நான் சொல்லித்தரலியாக்கா?"

"சங்கத்துக்கு டிகிரி இருக்கிறவங்க பேருதான் போயிருக்கு. இன்னைக்கு மட்டும் எனக்காக, ப்ளீஸ்மா."

"அப்ப என் ஃபாரம்?"

அக்கா கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

மறுத்தால் வேலையும் போய்விடுமோ என்று மாட்டிக்கொண்டேன். "இது நான் உருவாக்கின முறை சார்" என்றார் அக்கா. என்னிடம் கற்ற பழைய மாணவிகள் தலை குனிந்துகொண்டார்கள். நான் நொண்டி நொண்டி ஏறினேன். இறங்கத் திரும்பியதும் அக்கா எனக்குப் பின்னால், மேலே நின்றார். தப்பு. இறங்குகிறவர் முன்பக்கமாகத்தான் விழுவார். பிடிப்பவர் கீழே நிற்க வேண்டும். புதிய மாணவிகள் அக்கா நிற்பதை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். நாளைக்குக் கப்பல் துறையில் யாரையாவது இப்படி இறக்கினால்?

"அக்கா, கீழ வந்து நில்லுங்க. நான் சாஞ்சா அங்கதான் புடிக்க முடியும்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் சாருக்குக் கேட்டுவிட்டது.

"பரவாயில்லயே மேடம், பேஷண்டையே இவ்வளவு நல்லா ட்ரெயின் பண்ணியிருக்கீங்க!"

"ஆமா சார், ஆறு மாசமா வர்றாங்க." அக்கா கீழே வந்து எனக்குக் கை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நொண்டாமல் இறங்கினேன். சார் அதையும் அக்காவின் திறமை என்று எழுதிக்கொண்டார்.