பச்சைச் சீட்டுக்காரர்

சிறை அலுவலகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் பச்சைச் சீட்டுக்காரர். தண்டனைக் கைதிகளின் கோப்புகளில் சீட்டு ஒட்டுவது அவர் வேலை. வன்முறைக் குற்றம் என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. பச்சை வாங்கியவன் பகலில் வெளியே வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பலாம். எந்தப் பிரிவில் தண்டனை என்பது தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். நிறத்தை அதுவே சொல்லிவிடும். மற்ற பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று சட்டமில்லை. புரட்டினால் வேலை முடியாது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக மனிதர் கடைசிப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தினார்.

வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். மனைவி ஏன் பிரிந்து போனாள் என்று யாராவது கேட்டால், "ஒத்து வரல" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். மாலை வேளைகளில் தங்கை வீட்டைத் திறந்து, பள்ளி விட்டு வரும் அவள் மகளுக்குத் துணையாக இருப்பார். அதற்கென்று ஒரு சாவி அவரிடம் இருந்தது.

தங்கை சலவைக் கடை வைத்திருந்தாள். ஆள் கிடைக்காமல் அவள் அல்லாடியபோது, பச்சைச் சீட்டு ஆள் ஒருவனைச் சேர்த்துவிட்டதும் இவர்தான். "வெறும் திருட்டுக் கேஸ். பூனை மாதிரி இருப்பான்" என்று உத்தரவாதம் வேறு.

மூன்று வாரம் கழித்து, அவனுடைய கோப்பின் கட்டு அவிழ்ந்து தாள்கள் தரையில் சிதறின. பொறுக்கி அடுக்கும்போது முதல் பக்கம் கண்ணில் பட்டது. திருடப் போன வீட்டில் ஒரு பெண்ணை நாற்காலியில் கட்டிப்போட்டு, கத்தியால் கையைக் கீறியிருக்கிறான். சாட்சி சொல்ல அவள் பயந்ததால், பேரம் பேசி வழக்கைத் திருட்டாகச் சுருக்கிவிட்டார்கள்.

மேலதிகாரியிடம் ஓடினார்.

"தீர்ப்புல என்ன இருக்கு?"

"திருட்டு, சார்."

"அப்ப திருட்டுதான். போய் வேலையப் பாருங்க."

வேலை எங்கே ஓடும்? அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. கடையில் அவன் சட்டைக் காலரை நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். பழுக்கக் காய்ந்த இஸ்திரிப் பெட்டியும் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலும்தான் இவர் கண்ணில் பட்டன. தங்கையைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் முகம் வெளுத்தது. "நீதானே பூனைன்னு சொன்ன?"

"கடைசிப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன்."

"மூணு வாரமா ஒரு அதட்டல் கிடையாது அவன்கிட்ட. இருந்தாலும் நாளையிலேருந்து வேண்டாம்." பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அண்ணிக்குத் தாடையில ஏழு தையல் போட்டாங்களே, நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். படியில வழுக்கி விழுந்ததா எழுதிக்கிட்டாங்க. அது எந்தக் கோப்புல இருக்கு?"

"அது ஏதோ கோபத்துல... ஒரே ஒரு தடவை."

"அவனும் அப்படித்தான் சொல்லுவான்."

அவருக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"நானும் இத்தனை நாளா கடைசிப் பக்கம்தான் பார்த்திருக்கேன்" என்று அவள் கையை நீட்டினாள். "வீட்டுச் சாவியக் குடுண்ணா."

சாவி வளையத்திலிருந்து கழல மறுத்தது. நகத்தால் நெம்பிக்கொண்டே நின்றார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.