இரண்டு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

“இதைத் தடுக்கச் சொல்லி மாத்தினது யாரு?”

மருத்துவமனையின் கணினி அறையில் நின்றுகொண்டு நிர்வாகி கேட்ட இந்தக் கேள்விக்கு அவளால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. அது பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கண்டதெல்லாம் நெட்வொர்க்குக்குள் புகுந்துவிடாமல் தடுக்கிற காவல் அது. அதனால் நர்ஸ்கள் அவளுக்கு வேலிக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரி அவளுடைய மேலதிகாரி. கணவனின் அக்காவும் அவளேதான். வேலிக்காரி அவளை வீட்டிலும் அறையிலும் ‘அண்ணி’ என்றாள். அண்ணி இவளை இரண்டு இடத்திலும் ‘மகாராணி’ என்றாள். எந்த மகாராணியையும் யாரும் அவ்வளவு கசப்பாகக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்ததுமே வேலிக்காரி தனி லாகின் கேட்டாள். “நமக்குள்ள எதுக்குத் தனித்தனியா? வீட்ல ஆளுக்கொரு அடுப்பா வெச்சிருக்கோம்?” என்று அண்ணி வாயை அடைத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. யார் எதை மாற்றினாலும் இயந்திரம் ‘அட்மின்’ என்று மட்டுமே சொல்லும்.

நெட்வொர்க்கில் போகும் தகவல் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போகும். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் இருக்கும். அதுதான் ஹெடர். பாக்கெட்டைப் பரிசோதிக்க வேலிக்காரி ஒரு விதி எழுதியிருந்தாள்: ஹெடரான முதல் இருபது பைட்டைத் தாண்டு, அடுத்து இருக்கும், எந்தச் சேவைக்கு என்று சொல்லும் எண்ணைப் பார், தெரியாத எண் என்றால் சந்தேகப்படு. நல்ல பாக்கெட் எதுவும் மாட்டுகிறதா என்று பார்ப்பதற்காக, குறித்துக்கொள்ள மட்டும் சொல்லி, தடுக்காமல் வைத்திருந்தாள்.

அன்று காலை அது தடுக்க ஆரம்பித்திருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றுகூட வார்டுக்குப் போகவில்லை. ஊழியர்கள் காகிதத்தோடு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் ஓடினார்கள். அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருந்தவரைத் திரும்பவும் கட்டிலுக்கே கொண்டுபோனார்கள்.

“இவ எழுதின ரூல்தான் சார்,” என்றாள் அண்ணி.

“சாயந்திரம் வருவேன். சரியான பதில் இல்லன்னா, எழுதினவங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்,” என்று சொல்லிவிட்டு நிர்வாகி போனார்.

வேலிக்காரி முதலில் விதியை நிறுத்தினாள். முடிவுகள் வார்டுக்குப் போயின. பிறகு மாட்டிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பரிசோதனைக்கூடத்தின் பழைய கருவிகள் ஹெடரில் கூடுதலாக ஒரு பகுதியை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தன. ஹெடர் நீண்டுவிட்டதால் அவள் விதி தப்பான இடத்தில் பார்த்திருக்கிறது. ஹெடரின் நீளத்தை முதலில் படித்து, அதற்கேற்பத் தாண்டும்படி திருத்தினாள்.

“மகாராணி மூஞ்சியில இப்பத்தான் வெளிச்சம்,” என்றாள் அண்ணி. “பெட்டியைக் கட்டிட்டியா?”

நிர்வாகி வந்ததும் வேலிக்காரி எழுந்து நின்றாள். “எழுதினது நான்தான் சார். ஹெடர் எப்பவும் இருபது பைட்னு நம்பினது என் தப்பு. ஆனா நான் தடுக்கச் சொல்லல.”

“தூக்கக் கலக்கத்துல நீயே மாத்தியிருப்ப!”

“நான் ஏன் அண்ணி மாத்தணும்? இன்னும் ஒரு வாரம் பாக்கணும்னு உங்ககிட்டதானே சொன்னேன்.”

“ஒரு வாரம் பாத்துக்கிட்டே இருப்பாளாம்! நாளைக்குத் தணிக்கைக்காரங்க வர்றாங்க. எத்தனை தடுத்தீங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லைன்னு நான் பல்லைக் காட்டணுமா? அதான்…”

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அதான்?” என்றார் நிர்வாகி.

அண்ணி மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள், மூடினாள்.

இருவரும் வேலையில்தான் இருக்கிறார்கள். ஆளுக்கொரு லாகின் என்று நிர்வாகி உத்தரவு போட்டுவிட்டார். வீட்டில் கணவன், “எங்கக்காவைச் சபையில நிக்க வெச்சுட்டியே!” என்று சாப்பிடாமல் எழுந்து போனான். “என்னைக் காலையிலிருந்தே நிக்க வெச்சிருந்தாங்களே” என்று அவள் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் அண்ணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “உன் புது பாஸ்வேர்டு என்ன? குடும்பத்துக்குள்ள மறைக்கலாமா?”

“மறைக்கலாம் அண்ணி,” என்றாள் வேலிக்காரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரே பாஸ்வேர்டில் பல பேர் வேலை செய்யும் அறை உங்களுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தால், அங்கே இருக்கிற ஒருவருக்காவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.