மெத்தையை முகர்ந்து பார்த்தவள்

எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைப்பது ஆசிரியத் தொழிலில் தொற்றிக்கொள்ளும் ஒரு வியாதி. பென்சன் எடுத்த பிறகும் அது போவதில்லை. மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பத்தொரு வருடம் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே பாடசாலைக்குக் கீழே ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். என் மனைவியின் இடுப்பைக் கெடுத்தது அந்த வியாதிதான். இதை எங்கேயும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் சம்பளத்துக்கு மறுநாள் தோட்டத்துக்குள் லொறிகள் வரும். பிளாஸ்டிக் கதிரை, குக்கர், போர்வை என்று எதையாவது ஏற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே, தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வொரு லயமாக நின்று நின்று போகும். போன வருடம் அப்படி ஒரு லொறி மெத்தை கொண்டுவந்தது. "லேடெக்ஸ் மெத்தை, கடை விலையில பாதி" என்று அவன் கத்தியதும் முதல் ஆளாக ஓடியவன் நான். லேடெக்ஸ் என்றால் ரப்பர் பாலில் செய்தது. என் மனைவி பின்னாலேயே வந்து மெத்தையின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இது ரப்பர் மாதிரி தெரியலீங்க. வேணாம்" என்றாள்.

"ஒனக்கு என்னா தெரியும்? லேபல்ல போட்டிருக்கான் பாரு" என்றேன். லயத்து ஆட்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவள் விரல்களை எடுத்துக்கொண்டாள்.

மூன்றே மாதத்தில் மெத்தையின் நடுவே பள்ளம் விழுந்துவிட்டது. படுத்தால் இரண்டு பேரும் உருண்டுபோய் அந்தப் பள்ளத்தில்தான் சேர வேண்டும். கல்யாணமான புதிதில் என்றால் சந்தோசப்பட்டிருப்போம். அவளுக்கு ஏற்கெனவே இருந்த இடுப்பு வலி அந்தப் பள்ளத்தில் கிடந்து கிடந்து பெருத்துவிட்டது. படுத்தால் எழும்ப முடியாது. நான் கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும். கீழே பாய் விரித்துப் பார்த்தாள், அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் முன்னறைக் கதிரையில் தலையணையை வைத்துச் சாய்ந்து தூங்கப் பழகிக்கொண்டாள். இரண்டு மாதம் அப்படியே போனது. விடிந்ததும் தேத்தண்ணீர் போடப் போகும்போது, கழுத்து ஒரு பக்கம் தொங்க அவள் கதிரையில் கிடப்பதைப் பார்ப்பேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வரும்.

பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பள்ளம் விழுகிற மெத்தையும் கூடாது, வெறும் பலகையும் கூடாது. உடம்பைத் தாங்குகிற நல்ல லேடெக்ஸ் மெத்தை வாங்குங்கள், அவள் நீட்டிப் படுத்துத் தூங்கினால்தான் மருந்தும் வேலை செய்யும் என்றார். கொழும்பில் வேலை செய்யும் மகள் பணம் அனுப்புவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். கெடுத்தவன் நான், சரிசெய்ய வேண்டியவனும் நான்தான். என்னால் ஒதுக்க முடிந்தது ஐம்பதாயிரம் ரூபாய். அதற்குள் நல்ல லேடெக்ஸ் கிடைக்காது என்று விசாரித்த எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டு வாரம் கைத்தொலைபேசியைத் தோண்டி, ஒரு கொப்பி முழுக்க எழுதினேன். அடர்த்தி, தடிப்பு, துளைகளின் எண்ணிக்கை, எத்தனை வருட உத்தரவாதம் என்று கோடு போட்டு அட்டவணை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் அதை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு அவள் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் கடையில் விற்பனைப் பையன் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என்னைவிடப் பெரிய இங்கிலீஷ் சொல்லாகப் பார்த்துப் பதில் சொன்னான். விலையைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டோம். இரண்டாவது, பஜார் வீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பழைய கடை. மனிதர் நல்லவர். அவள் நடையைப் பார்த்ததுமே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இருங்க அக்கா" என்றார்.

என் பட்ஜெட்டைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரு மெத்தையைக் காட்டினார். நூறு வீதம் இயற்கை லேடெக்ஸ் என்று லேபல். விலை சரியாக ஐம்பதாயிரம். கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். அடர்த்தி சரி, தடிப்பு சரி, உத்தரவாதம் பத்து வருடம். எனக்கு மார்பு ஒரு அங்குலம் விரிந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த பணத்தை எடுத்தேன்.

அப்போதுதான் அவள் ஸ்டூலில் இருந்து எழுந்தாள். மெத்தை உறையை மூடியிருந்த சிப்பை மூலையில் கொஞ்சம் இழுத்துத் திறந்தாள். குனிந்தாள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தாள்.

"என்னம்மா செய்யிற? எல்லாரும் பாக்குறாங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கையை உள்ளே விட்டு, மேலே ஒரு கிள்ளு, கீழே ஒரு கிள்ளு கிள்ளினாள். விரல்களை உரசிப் பார்த்தாள்.

"மொதலாளி, இதுல ரப்பர் பால் மேல ரெண்டு விரல் கனம்தான் இருக்கு. கீழ இருக்கிறது வெறும் ஸ்பொஞ்சு" என்றாள்.

முதலாளிக்கு முகம் சுருங்கியது. "அக்கா, கம்பனி லேபல் இருக்கே."

"லேபல யாரும் ஒட்டலாம். சிப்ப முழுசா தெறந்து பாருங்க."

திறந்தார். மேலே வெள்ளையாக இரண்டு விரல் கனம், அதற்குக் கீழே பசை தடவிய ஒரு கோடு, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஸ்பொஞ்சு. அவள் சொன்னது அச்சுப் பிசகாமல் இருந்தது. முதலாளி தலையில் கை வைத்துவிட்டார். "அல்லாவே, நானும் இத நம்பி நாலு பேருக்குக் குடுத்திருக்கேனே" என்றார். அந்த நாலு பேரையும் கூப்பிட்டுச் சொல்லும்படி கணக்குப்பிள்ளையிடம் அங்கேயே சொன்னார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். அந்தச் சுரைக்காய் அன்றைக்கு என் கையிலேயே இருந்தது. கொப்பியை மெல்ல மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"எப்படி அக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று முதலாளி கேட்டார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஏன் என்று எனக்குத் தெரியும். கடையில் வேறு யாருக்கும் தெரியாது.

அவள் மொனராகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எனக்கு வாக்கப்படும்வரை பால் வெட்டியவள். இருட்டோடு எழுந்து, மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிகிற பாலைச் சேர்த்து வாளியில் சுமந்தவள். கல்யாணம் முடிந்து பாடசாலைக் குவாட்டர்ஸுக்கு அவளைக் கூட்டிவந்த முதல் வாரமே, புதிதாக நியமனம் கிடைத்த மிதப்பில் நான் ஒன்று சொன்னேன். "பால் வெட்டுன கதையெல்லாம் இங்க யாருகிட்டயும் சொல்லாத. பாடசாலை சேர் பொஞ்சாதின்னா ஒரு மதிப்பு இருக்கணும்." அவள் "ஏன்?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்கவே இல்லை. சொன்னபடியே முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. லொறிக்காரன் முன்னால் நான் "ஒனக்கு என்னா தெரியும்" என்றபோதுகூடச் சொல்லவில்லை.

கடையில் அவள் என்னைப் பார்த்தது அனுமதி கேட்டுத்தான். நான் என்ன செய்தேன்? கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

"சும்மா, வாசத்த வச்சுச் சொன்னேன்" என்றாள் முதலாளியிடம்.

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

அதற்குப் பிறகு கடை அவள் கைக்குப் போய்விட்டது. முதலாளி அவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மெத்தையாகப் போனார். அவள் சிப்பைத் திறப்பாள், முகர்வாள், கிள்ளுவாள், "இது கலப்பு", "இது நல்லது, ஆனா நம்ம காசுக்கு ஆகாது" என்பாள். முதலாளி அதை ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டார். பாடசாலைக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் அதிபர் எப்படிப் பின்னால் போவாரோ அப்படிப் போனார். நான் அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் பின்னால் போனேன். வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தால் மனிதன் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடையின் பின்பக்க ஜன்னலோரம் ஒரு மெத்தை உறையில்லாமல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் வெளிறி மஞ்சளாக இருந்தது. "அது காட்சிக்கு வச்சது அக்கா. வெயில் பட்டுக் கலர் மாறிப்போச்சு. பழசுன்னு நினைச்சு யாரும் எடுக்கமாட்டேங்கிறாங்க" என்றார் முதலாளி.

அவள் அதன் மஞ்சள் ஓரத்தைப் பெருவிரலால் நன்றாகத் தேய்த்தாள். விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள், தூள் ஒட்டவில்லை. மூலையை மடித்து விட்டாள், சட்டென்று நிமிர்ந்தது. மடக்கிய கையால் குத்தி எடுத்தாள், குழி நிற்கவில்லை. கடைசியாக முகர்ந்தாள். இந்தத் தடவை கொஞ்ச நேரம் கூடுதலாகவே முகர்ந்தாள்.

"கெட்டுப்போயிருந்தா கையில மாவா உதிரும். ஒட்டும். இதுக்கு மேல்தோல்லதான் வெயிலு, உள்ள ஒண்ணும் ஆகல. மஞ்சப் பக்கத்தக் கீழ போட்டுட்டா முடிஞ்சுது" என்றாள். பிறகு என்னிடம், "இதையே எடுப்போம்" என்றாள். கேள்வியாக அவள் கேட்கவில்லை, நான் மறுபடி பணத்தை வெளியே எடுத்தேன். ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரு சதமும் கேட்கவில்லை முதலாளி. புது விலை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதோடு விடாமல், புது உறை ஒன்றையும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சுருட்டிக் கட்டியபோது அது ஒரு ஆள் கனம் கனத்தது. பஸ் கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் போட்டார். பின்சீட்டில் என் பக்கத்தில் அது உட்கார்ந்து வந்தது. வீதியில் இருந்து வீட்டுக்குப் படிக்கட்டில் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் தூக்கிவந்து கொடுத்தார்கள். மெத்தை எங்கள் கட்டிலைவிட அகலத்தில் ஒரு அடி குறைவு என்பது விரித்த பிறகுதான் தெரிந்தது. அளவு நாடாவைக் கொண்டுபோன கணக்கு வாத்தியார் கட்டிலை அளக்காமல் போயிருக்கிறார். "நீங்க ஒல்லிதானே, போதும்" என்றாள் அவள்.

அப்போது மத்தியானம் ஒரு மணி. பகலில் படுத்தால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்கிறவள் அவள். காய்ச்சல் என்றால்கூடப் பகலில் படுக்கமாட்டாள். சும்மா பார்க்கிறேன் என்று பக்கவாட்டில் மெல்லச் சரிந்தாள். காலை நீட்டினாள். நான் குசினிக்குப் போய்ச் சுடுதண்ணீர் வைத்துவிட்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. குறட்டைகூட வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் நீட்டிப் படுத்துத் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றேன். கண் கலங்கியது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அறை முழுக்க ரப்பர் வாசம் அடித்தது. ஒரு காலத்தில் அவள் கையில் இருந்து போகட்டும் என்று நான் சவர்க்காரம் வாங்கிக் கொடுத்த அதே வாசம்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தால் எல்லாரும் பார்க்க வருவார்கள். வராவிட்டால்தான் மனத்தாங்கல். நாலு மணிக்குக் கொழுந்தை எடைக்குப் போட்டுவிட்டு வந்த பெண்கள் ஆறேழு பேர் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் கதவை மறித்துக்கொண்டு, சத்தம் போடாதீர்கள், அம்மா தூங்குகிறாள் என்றேன்.

"என்னா சேர், இந்த வாட்டியும் லொறியிலயா?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"சும்மா இருடி. சேர் படிச்சவரு. இந்தத் தரம் நல்லா பாத்துத்தான் வாங்கியிருப்பாரு" என்றாள் இன்னொருத்தி.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள்கூட என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். முப்பது வருடமாகக் காட்டிக்கொடுக்காதவள். அந்த நினைப்புத்தான் என்னைப் பேச வைத்தது.

"நான் எங்க பாத்தேன்? என்னைய விட்டிருந்தா இன்னைக்கும் ஏமாந்துதான் வந்திருப்பேன். எங்க வீட்டம்மாதான் மோந்து பாத்தே கண்டுபிடிச்சாங்க. கடை மொதலாளியே அசந்துபோயிட்டாரு. கல்யாணத்துக்கு முன்ன ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க அவங்க" என்றேன். அம்மா தூங்குகிறாள் என்று சொன்ன நான்தான் கீழ் லயம்வரை கேட்கும்படி சொன்னேன்.

"நம்ம சேர் வீட்டு அம்மாவா? பால் வெட்டுனாங்களா?" ஒருத்தி வாயில் கையை வைத்தாள். "நம்மள மாதிரியா?"

"ஆமா. ஒங்கள மாதிரிதான். சும்மா இல்ல, ஒரு நாளைக்கு இருநூறு மரம் வெட்டுவாங்க."

அந்த எண்ணிக்கை நானாகச் சொன்னது. எத்தனை மரம் என்று அவளிடம் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

"முந்நூறு."

குரல் எனக்குப் பின்னால் இருந்து வந்தது. திரும்பினேன். யாரும் கைகொடுக்காமல் தானாக எழுந்து வந்து அறை வாசலில் நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. கன்னத்தில் புது உறையின் தையல் கோடு பதிந்திருந்தது.

"மழையில்லாத நாள்ல முந்நூத்தி இருவது" என்றாள், வாசலில் நின்ற பெண்களைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரா இருந்துக்கிட்டு கணக்கத் தப்பாச் சொல்லிக் குடுக்காதீங்க."