அம்மைப்பால் பிடிக்காத கை

அறுபதுகளின் நடுவில் கொல்லிமலையில் அம்மை குத்துவது என் வேலையாக இருந்தது. அம்மைப்பால் அடைத்த கண்ணாடிக் குழாய்களை ஈரத்துணியில் சுற்றி, மண்கலயத்தில் வைத்துக்கொண்டு செம்மேட்டிலிருந்து ஊர் ஊராக நடப்பேன். குழந்தையின் இடது மேற்கையில் ஒரு துளி பால் வைத்து, அதன்மேல் முள் பதித்த சிறு வட்டக் கருவியை அழுத்தித் திருப்ப வேண்டும். ஒரு வாரத்தில் அந்த இடத்தில் கொப்புளம் எழும்பினால் பால் பிடித்துவிட்டது என்று பொருள். பெரியம்மை அந்தக் குழந்தையைப் பல வருடங்களுக்கு அண்டாது. எழும்பாவிட்டால் திரும்பக் குத்த வேண்டும்.

மலையில் ஊர்களின் தொகுதியை நாடு என்பார்கள். குண்டனி நாட்டில் ஒரு சிற்றூரில் மாசி மாதம் குத்தினேன். மறுவாரம் போய்ப் பார்த்தபோது எல்லாக் குழந்தைகளுக்கும் கொப்புளம் எழும்பியிருந்தது. ஒரு பெண்குழந்தைக்கு மட்டும் இல்லை. அந்த வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்ததால் நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். தாய் குழந்தையைத் தூக்கி வந்து காட்டினாள். உடம்பெல்லாம் மணல்வாரி என்னும் தட்டம்மை பூத்து, அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. குத்திய இடத்தில் காய்ந்த கீறல் தவிர ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கேட்டாள். “ஏனுங்க, உங்க பாலு திரிஞ்சு போச்சுங்களா?”

“மத்த குழந்தைகளுக்கெல்லாம் இதே குழாய்ப் பால்தானே” என்றேன்.

“அப்ப ஆளு பாத்துத்தான் புடிக்குமாட்ட இருக்குது.”

குழந்தையின் தாய் சிரிக்கவில்லை. குத்திய அன்றே உடம்பு லேசாகச் சுட்டது என்றும், சளிச் சூடு என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னாள். அதில் அவளுக்கு வருத்தம் ஏதும் இல்லை. “அம்மாவே வந்து பாத்துட்டாளுங்க. ஒரு அம்மா இருக்கற ஊட்டுக்குள்ள இன்னொரு அம்மா வரமாட்டா. அதான் உங்க பாலு உள்ள போவுல. இனி எங்க கண்ணுப் புள்ளைக்கு எதுவும் வராதுங்க.”

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டில் இரும்பு படக்கூடாது. என் கருவியும் இரும்பு, ஆகவே குத்தாமல் திரும்பி வந்தேன்.

சம்பளம் வாங்கக் கீழே இறங்கியபோது அடிவாரத்துப் பக்கம் இருந்த ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். என்னைவிட வயதில் சிறியவர், நிறையப் படிப்பவர். அவர் வியப்படையவில்லை.

“ஒரு வைரஸ் உள்ள இருக்கும்போது இன்னொண்ணு எடுபடாம போறது உண்டுங்க. வைரஸ் புகுந்த உயிரணு ஒரு புரதத்தை வெளிய விடுது. இன்டர்ஃபெரான்னு பேர் வச்சிருக்காங்க. புகுந்த அணு பிழைக்குதோ இல்லையோ, அந்தப் புரதம் பக்கத்து அணுக்களுக்குப் போய்ச் சேந்துடும். அதுங்க சுதாரிச்சு, தங்களுக்குள்ள வேற புரதங்களைச் செஞ்சு வச்சுக்குதாம். அப்புறம் எந்த வைரஸ் வந்தாலும் பெருக முடியாது. உங்க அம்மைப்பாலும் வைரஸ்தானே?”

“அப்படின்னா அந்தம்மா சொன்னது சரிதானா?”

“கொஞ்ச நாளைக்குச் சரி. அந்தக் காவல் சீக்கிரம் கலைஞ்சிடும். மணல்வாரி திரும்ப வராது. பெரியம்மை தாராளமா வரும். ஒரு மாசம் போகட்டும், மறுபடி குத்திடுங்க.”

பங்குனிக் கடைசியில் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் இரண்டு தெருக்களில் பெரியம்மை கண்டது. மலையிலிருந்து சிலர் அங்கே கடலைக்காய் பறிக்கக் கூலிக்கு இறங்குவது வழக்கம். இந்தக் குழந்தையின் தகப்பன் குடும்பத்தோடு இறங்கப் பாய் படுக்கையைக் கட்டி வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு அன்றே போனேன். நிலையில் வேப்பிலை இல்லை.

தாய் கையை ஆட்டி மறுத்தாள். “வேண்டாமுங்க. அம்மா வந்து போன ஒடம்பு. கீறினா கோவிச்சுக்குவா.”

டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். உடம்புக்குள் ஒரு காவல் எழும்பியது, அது இப்போது கலைந்திருக்கும் என்றேன்.

“அதெப்படிங்க கலையும்? காவக்காரனுக்குக் கூலி பத்துலீங்களா?” என்றாள் தாய்.

தகப்பன் உள்ளேயிருந்து, “குத்திக்க புள்ள, பொழுதாவுது. நாளைக்கு எறங்கோணும்” என்றான்.

“உங்களுக்கு என்ன, கடலைக்காயிதான் கண்ணுல நிக்குது.”

அவள் முகம் முழுக்கப் பெரியம்மைத் தழும்பு. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். “உங்களுக்கு மணல்வாரி வந்ததில்லையா?”

“சின்னதுல வந்துச்சுங்க.”

“பெரியம்மை?”

“அதுக்கப்புறம், வயசுக்கு வந்த வருசம்…”

கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள். தகப்பன் வெளியே வந்து அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

அவள் குழந்தையை மடியில் திருப்பி வைத்தாள். “அந்தக் கை வேண்டாமுங்க. அம்மா வேண்டாம்னு சொன்ன கை அது. இந்தக் கையில குத்துங்க.”

வலது கையை நீட்டினாள். இடது கையில்தான் குத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பாலுக்கு அந்த வேறுபாடு கிடையாது. வலது கையில் குத்தினேன். குழந்தை ஊர் கேட்க அழுதது.

“கொப்புளம் எழும்பி, பொருக்கு உதிரும் வரை கீழே இறங்க வேண்டாம்” என்றேன்.

“அதுக்குள்ள கடலைக்காயெல்லாம் பறிச்சு முடிச்சிருவாங்களே” என்றான் தகப்பன்.

“நீங்க போங்க. நாங்க வரல” என்றாள் அவள். பாய்க்கட்டை அவளே பிரித்து, ஒரு பாயை மட்டும் அவனிடம் கொடுத்தாள். அவனுக்குச் சிறுவயதில் பால் குத்திய தழும்பு இருந்தது. அவனுக்கும் புதிதாகக் குத்தித்தான் அனுப்பினேன்.

மறுவாரம் வலது கையில் கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. தாயும் பிள்ளையும் அந்த வருடம் கூலிக்கு இறங்கவே இல்லை. கீழே அந்த இரண்டு தெருக்களில் சிலர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. தகப்பன் நலமாகத் திரும்பினான்.

ஆடியில் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். குழந்தை சாமைக் காட்டு வரப்பில் தாயோடு நின்றிருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டது.